கிளினிக்குக்கு வராதவர்கள்

பருத்தித்துறைக் கரையில் நாங்கள் செய்த நீரிழிவு ஆய்வு, பங்கேற்பு ஆய்வு. அதாவது, ஊர்ச்சனமும் எங்களோடு சேர்ந்து ஆராயும். எதை, எப்படி ஆராய்வது என்பதையெல்லாம் பல்கலைக்கழகத்து ஏசி அறையில் நாங்களே முடிவு செய்துவிட்டதால், சனத்துக்கு மிச்சமிருந்தது கூட்டத்துக்கு வருவது மட்டும்தான்.

காலை எட்டரைக்குக் கூட்டம் என்றேன். மீன் விற்கும் பெண்கள் எல்லோரும், "ஓம் டொக்டர், வாறம்" என்றார்கள். அந்த "ஓம்" வெறும் மரியாதைக்கு என்பது இந்தக் குடாநாட்டிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு விளங்காமல் போனதற்கு, என் பட்டங்களைத் தவிர வேறு காரணம் தோன்றவில்லை. மண்டபத்தில் நாற்பது கதிரைகளும் வாறவர்களுக்குத் தேநீரோடு கொடுக்க வாங்கிய ஒரு பெட்டி பணிசும் நானும் இருந்தோம்.

எரிச்சலோடு கடற்கரைக்குப் போனேன். வள்ளங்கள் அப்போதுதான் கரை சேர்ந்திருந்தன. ஓர் அக்கா பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தார். காலில் ஆறாத புண். கிளினிக்குக்கு வராததால் "ஒத்துழைக்காதவர்" என்று என் கையாலேயே பதிந்த ஆள்.

"வாறம் எண்டனீங்கள், அக்கா?"

"வள்ளம் வாற நேரம் கூட்டம் வைச்சா ஆர் வாறது? உங்கடை கிளினிக்கும் உந்த நேரம்தானே."

"உடம்பெல்லோ முக்கியம்?"

"டொக்டர் எவடம்?"

"சுன்னாகம். தோட்டக்காரக் குடும்பம்." சற்றுப் பெருமையாகவே சொன்னேன். ஆய்வறிக்கையில் "ஆய்வாளரின் பின்னணி" என்று அதை இரண்டு பந்தி எழுதியுமிருந்தேன்.

"அப்ப தோட்டத்திலை வெங்காயம் கிண்டுற நாளிலை உங்கடை அம்மா கிளினிக்குக்குப் போனவவோ?"

போகவில்லை. அந்த இரண்டு பந்தியில் இது இல்லை.

"பின்னேரம் வையுங்கோ."

"பின்னேரம் எனக்கு வேலை..."

"தெரியும். பிரைவேட்டிலை இருப்பியள். என்ரை மச்சாள் அங்கைதான் உங்களிட்டைக் காட்டுறவ."

பக்கத்தில் செதில் சுரண்டியவள் கையை நிறுத்தாமல் சிரித்தாள்.

கரையில் கிளினிக் வைக்க, புதன் பின்னேரங்களை விட்டுக்கொடுத்தேன். அதைத் தியாகம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மனைவி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினாள்.

மூன்றாவது புதன் அக்கா வந்தார். புண்ணில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்துப் பார்த்தேன்.

"கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்" என்றேன்.

"நீங்கள் வந்திருக்கலாம்."

பெருவிரலை எடுக்கவேண்டி வரும், கால் தப்பும் என்று சொன்னேன். அவர் துணிக்கட்டைத் தானே திரும்பக் காலில் சுற்றினார்.

"அப்ப அதையும் பின்னேரமா வையுங்கோ" என்றார்.