தபசு மரத்தடியில் மூணு வருஷம்

போன மாசம் லைப்ரரி அகராதியில தவம்னு தேடிப் பார்த்தேன். தவம், தபசு ரெண்டு சொல்லுக்கும் வேர், சூடுதானாம். ஒருத்தர் தன்னைத் தானே காயப் போட்டுக்கறதுன்னு விளக்கம். படிச்சதும் எனக்கு ஆத்திரம் பத்திக்கினு வந்துது. தானேவாமே! என்னைக் காயப் போட்டவங்க வேற ஆளுங்க.

செங்கல்பட்டுக்குப் பக்கத்துல எங்க ஊரு. சித்திரையில அம்மன் கோயில் கூத்து நடக்கும். கூத்துல தபசுக் காட்சி வர்ற அன்னிக்கு உசரமான பனைமரத்தை நட்டு, படி அடிச்சு வெப்பாங்க. தபசு பண்ற வேஷக்காரர் சாமிகிட்ட வரம் கேட்டுப் பாடிக்கினே ஒவ்வொரு படியா ஏறுவார். புள்ளை இல்லாத பொம்பளைங்க பட்டினியா, குளத்துல முழுகின ஈரப் புடவையோட, கீழே வெயில்ல படுத்துக் கெடக்கணும். உச்சியிலேர்ந்து அவர் வீசற எலுமிச்சம்பழம் யார் மடியில விழுதோ, அவளுக்குப் புள்ளை நிச்சயம்னு நம்பிக்கை.

கல்யாணமாகி நாலாவது வருஷம் மாமியார் சொல்லி முதல் தடவை படுத்தேன். தொண்ணூறுகளோட கடைசி அது. அடுத்த வருஷமும் படுத்தேன். மணல் சுட்டு முழங்கையில தோல் உரிஞ்சதுதான் மிச்சம். "உனக்கு மனசு சுத்தமில்லைடி"ன்னு சொல்லிட்டு, மாமியார் மகனுக்கு மதுராந்தகம் பக்கம் வேற பொண்ணு பார்க்க ஆரம்பிச்சாங்க.

அப்போதான் ஒருநாள் பீரோவைத் துடைக்கறப்போ, அடித்தட்டுப் பேப்பருக்குக் கீழே ஒரு லேப் ரிப்போர்ட் கெடைச்சுது. வூட்டுக்காரர் பேர்ல இருந்துது, எல்லாம் இங்கிலீஷ். ஆஸ்பத்திரி நர்ஸ்கிட்ட காட்டினேன்.

"உன் வூட்டுக்காரருக்கு உயிரணுவே இல்லைன்னு போட்டுக்கீதும்மா. உன்னை எதுக்கு வெயில்ல போட்டு வதைக்கறாங்க?"

தேதியைக் கேட்டேன். நான் முதல் தடவை படுத்ததுக்கு ரெண்டு மாசம் முந்தி. பாவி மனுஷன், தெரிஞ்சேதான் ரெண்டு வருஷமும் கூட்டத்துல நின்னு வேடிக்கை பார்த்தார்.

அன்னிக்குச் சாயந்திரம் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸை விட்டு எறங்கி வந்தவர்கிட்ட, மாமியார் எதிரிலேயே காகிதத்தை நீட்டினேன். "படி. உங்கம்மாவுக்குக் கேக்கற மாதிரி படி."

அவர் காகிதத்தை வாங்கி மடிச்சுச் சட்டைப் பையில வெச்சார். மாமியாருக்கு எழுத்து தெரியாது. மகன் மூஞ்சியையே பார்த்துக்கினு, "இன்னாடா எழுதிக்கீது?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் கேக்கலை.

பொண்ணு பார்க்கறது நின்னுபோச்சு. எனக்கும் ஒரு வார்த்தை வரும்னு காத்துக்கினு இருந்தேன். மன்னிப்பெல்லாம் வேணாம். இனிமே படுக்காதேன்னு சொல்லியிருந்தாலே போதும்.

சித்திரை பொறந்துது. அவர் சாப்பிட்டுக்கினு இருந்தப்போ மாமியார் வந்து பக்கத்துல உக்காந்தாங்க.

"தபசுக்கு வெள்ளிக்கிழமை விரதத்தை ஆரம்பிடி. நீ படுக்கலைன்னா ஊரு ஏன்னு கேக்கும். அவன் தலைநிமிர்ந்து வேலைக்குப் போவணும்."

"அப்போ நான்?"

அவரைப் பார்த்துதான் கேட்டேன். தட்டை விட்டுக் கண்ணை எடுக்காம, இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொன்னார்.

ஊத்தினேன். வெள்ளிக்கிழமை விரதமும் ஆரம்பிச்சேன்.