என் அச்செழுத்து

வருஷா வருஷம் கிராம அலுவலரான விதானையார் கொண்டுவந்து தரும் வாக்காளர் படிவத்தை இந்த முறை போனிலேயே நிரப்பலாம் என்றாள் மகள். "நீங்க பேரைச் சொல்லுங்க உம்மா, நான் தட்டுறேன்" என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் குடும்பத் தலைவர் பெயர். வாயைத் திறந்தால் வாப்பாவின் பெயர்தான் வருகிறது. மனுஷன் மவுத்தாகி, அடக்கம் செய்து ஏழு வருஷம்! மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்தப் படிவம் என்றாலே எனக்கு இன்றைக்கும் இப்படித்தான். ஏனென்று அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு ஆலங்குடாவில். இப்போது வெள்ளைக்காரர்கள் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் பறக்கிற அந்தக் கரையில் அப்போது கருவாடுதான் காய்ந்தது. வாப்பாவுக்கு வெங்காயத் தோட்டம். நான் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை பாஸானதும் அவர் செய்த முதல் வேலை, வீட்டோடு ஒட்டி ஒரு அறை கட்டி, ரோட்டைப் பார்த்துத் தனி வாசல் வைத்ததுதான். "டொக்டரப் பாக்க வாற ஆக்கள் வீட்டுக்குள்ளால வரப்படாது" என்றார். டொக்டர் என்றால் நான்தான். பத்து வயது. கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிற டொக்டர்.

என் மூளையைவிட என் எழுத்தில்தான் வாப்பாவுக்குப் பெருமை. அவர் அதிகம் படிக்காதவர். விரலை வைத்து, சத்தம் போட்டு வாசித்தால்தான் அவருக்கு எழுத்து விளங்கும். ஊரில் யாருக்கு அரசாங்கக் கச்சேரிக்கு மனு, பெட்டிசம் எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவார். "என்ட மகள்ட எழுத்து அச்செழுத்து. அந்த 'ழ'வுக்குக் கீழ ஒரு சுழி போடுவா பாருங்க, ஆருக்கும் வராது!" டொக்டராகப் போகிறவளுக்கு இவ்வளவு வடிவான எழுத்து ஆகாது என்று அப்போதே யாராவது சொல்லியிருக்கலாம்.

வடக்கிலிருந்து முஸ்லிம்களை விரட்டிய வருஷம், மன்னாரிலிருந்து வள்ளம் வள்ளமாகச் சனம் கற்பிட்டியில் வந்து இறங்கியது. வாப்பா போய், கையில் ஒரு துணிப் பொட்டலத்தோடு நின்ற ஒரு தாயையும் மகளையும் கூட்டி வந்தார். மகள் பர்வீனுக்கு என் வயது. டொக்டர் அறை அவர்களுக்கு. இரண்டு பேரும் ஒரே வகுப்பு, ஒரே பஸ், ஒரே தாவரவியல் புத்தகம். வித்தியாசம் என்னவென்றால், அவள் அதைத் திறந்து படித்தாள்.

அடுத்த வருஷம் வாக்காளர் படிவம் வந்தது. பர்வீனின் உம்மா ஒத்துக்கொள்ளவேயில்லை. "வேணாம் காக்கா. நாங்க ஊருக்குத் திரும்பிப் போறாக்கள். இங்க பதிஞ்சா அங்க பேர் போயிரும்."

"போற அண்டைக்குப் போங்க. வாக்காளர் இடாப்புல பேரில்லாட்டி நாளைக்குப் புள்ளைக்குக் கெம்பஸ் கெடைக்காது" என்றார் வாப்பா. பிறகு என்னைக் கூப்பிட்டு, "எழுது மகள், ஒன்ட பேருக்குக் கீழ" என்றார். எழுதினேன். என் கையால்தான் எழுதினேன்.

பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்கு; எந்த மாவட்டத்து இடாப்பில் பேர் இருக்கிறதோ அந்த மாவட்டத்துப் பிள்ளை. புத்தளத்துக்கு மருத்துவத்தில் கிடைப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள். இரண்டு பேரும் உயர்தரப் பரீட்சை எழுதி, வெட்டுப்புள்ளி வந்த அன்று வாப்பா ஆட்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். பர்வீனுக்குக் கிடைத்தது. எனக்கு ஒரேயொரு புள்ளி குறைவு. அல்லாஹ்வே, ஒரு புள்ளி! வாப்பா தாளை மூன்று முறை வாசித்தார், விரல் வைத்து. பிறகு தோட்டத்துக்குப் போய், தண்ணீர் பாய்ச்சியிருந்த பாத்திக்கே மறுபடியும் பாய்ச்சினார்.

ஊர் சும்மா இருக்குமா? "அந்தப் பேர எழுதாம இரிந்தா அது ஒங்கட மகள்ட இடம், நானா. ஒரு பெட்டிசம் போட்டா வெட்டிருவாங்க" என்று பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்கே வந்து சொன்னார்.

வாப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஊர உட்டு வந்த புள்ளைட சோத்துல மண்ணள்ளிப் போடச் சொல்றீங்களா? எழும்புங்க!"

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. என் வாப்பா, நான் எழுதிக் கொடுத்த பெயர், எனக்கென்று கட்டிய அறை! அடுத்த நாள் புத்தளம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு மொட்டைக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். கையெழுத்தை மாற்றி எழுத வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை, பாருங்கள். இந்த அறிவுக்குத்தான் ஒரு புள்ளி குறைந்தது.

ஒரு மாதத்தில் விதானையாரோடு கச்சேரி அதிகாரி மாத்தயா ஒருவர் விசாரணைக்கு வந்துவிட்டார். கடிதத்தை வாப்பாவிடம் நீட்டி, "வாசிச்சிப் பாருங்க" என்றார். நானும் பர்வீனும் சேலைத் திரைக்குப் பின்னால் நின்றோம். அவள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

வாப்பா விரலை வைத்துச் சத்தமாகத் தொடங்கினார். "மேற்படி மாணவி... பெயரை மட்டும் இங்கு பதிந்துவிட்டு... வேறிடத்தில்... வாழ்..."

நின்றுவிட்டார். விரல் அந்த 'ழ'வின் மேல் நின்றது. பர்வீன் என் காதில், "எந்தப் பாவியடி எழுதினது?" என்றாள்.

"ஆர் எழுதினதெண்டு தெரியுமா?" என்று கேட்டார் மாத்தயா.

வாப்பா கடிதத்தை மடித்தார். திரைப் பக்கம் திரும்பவேயில்லை. "தெரியா மாத்தயா. நல்லாப் படிச்ச கை" என்றார். பிறகு, "அந்தப் புள்ள இந்த வீட்டுலதான் இரிக்கி. ரெண்டும் என்ட புள்ளைகள்தான்."

விசாரணை அவ்வளவோடு முடிந்தது. பர்வீன் டொக்டரானாள். இப்போது மன்னார்ப் பக்கம்தான் வேலை. பெருநாளைக்குத் தவறாமல் போன் எடுப்பாள். அந்தப் பாவி யாரென்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. நான் கச்சேரியில் கிளாக்கர் ஆனேன். வருகிற பெட்டிசங்களைப் பதிவதுதான் வேலை. சிரிக்காதீர்கள்.

வாப்பா என்னை ஏசவில்லை, ஒரு வார்த்தை கேட்கவுமில்லை. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். ஆனால் பெட்டிசம் எழுத ஆள் வந்தால், "மகளுக்கு நேரமில்ல" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவார். அடுத்த வருஷம் வாக்காளர் படிவம் வந்தபோது, வழக்கம்போல நான் பேனையோடு போய் நின்றேன். "வை, நான் எழுதுறன்" என்றார். அரை நாள் எடுத்தது அவருக்கு. தாள் கிழிகிற மாதிரி அழுத்தி, கோணல் கோணலாக, என் பெயரும் அதற்குக் கீழே பர்வீன் பெயரும். மவுத்தாகும்வரை எந்தத் தாளையும் என் பக்கம் நீட்டவில்லை.

டொக்டர் அறை ரோட்டை அகலமாக்கியபோது போய்விட்டது. மகள் எல்லாப் பெயரையும் தட்டி முடித்து, "சரியா பாருங்க உம்மா" என்று போனை நீட்டினாள். பார்த்தேன். இப்போது யார் எழுதினாலும் அச்செழுத்துத்தான். 'ழ'வுக்குக் கீழே சுழி இல்லை. இது யாருடைய கை என்று விரல் வைத்துக் கண்டுபிடிக்கிற மனுஷனும் இல்லை.