ஏழுக்குப் பக்கத்தில் ஒரு பன்னிரண்டு

ஹயூயா மலையில் வேவாவின் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை என்பார்கள். பள்ளிச் சமையலறையில் பாடிக்கொண்டே சோறு ஆக்கி ஓய்வு பெற்றவள். மனசு பெரிது, வாய் அதைவிடப் பெரிது, கோபமோ மூக்கு நுனியில்.

புயல் வந்து போன் கோபுரத்தைச் சாய்த்து, பாலத்தையும் அடித்துக்கொண்டு போன பிறகு, மலைக்காரர்கள் வாக்கி-டாக்கிக்கு மாறினார்கள். உரிமம் வேண்டாம், மாதக் கட்டணம் வேண்டாம்; பொத்தானை அழுத்திப் பேசினால் போதும். எல்லோருக்கும் ஏழாம் சேனல். ஆபத்து என்றாலும் அதில்தான், அரட்டை என்றாலும் அதில்தான்.

வேவாவின் வீட்டுக்கு மேலே, வாழைச் சரிவின் உச்சியில் தனியாக இருந்தார் அவள் அண்ணன் எலியூத். ஒருநாள் ஊரே கேட்கும்படி ஏழாம் சேனலில் கேலியை ஆரம்பித்தார்.

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஏன் அவ்ளோ வேகமா சாப்பிட்டாங்க தெரியுமா? எங்க வேவா பாட்டுல இருந்து தப்பிச்சு ஓடத்தான்!"

மலையே சிரித்தது. வேவாவுக்குச் சுருக்கென்றது. அன்றே தன் கருவியிலும், கீழ்வீட்டில் இருந்த மகள் யஹைராவின் கருவியிலும், ஏழுக்குப் பக்கத்தில் பன்னிரண்டு என்று ஓர் எண்ணை வைத்தாள். கருவி வந்த பெட்டியில் அதற்கு 'அந்தரங்க எண்' என்றே அச்சடித்திருந்தது. எதிர்மலைக் காந்தோவின் சேவல் புராணம், அண்ணனின் கேலி எல்லாம் ஒரேயடியாக நின்றன. இனி நாம் பேசுவதும் வெளியே கேட்காது என்று நிம்மதியானாள். அச்சடித்ததை நம்பியது அவள் தப்பா?

கோபம் சீக்கிரமே ஆறிவிட்டது. எண்ணை எடுக்கத்தான் சோம்பல். அந்த அமைதி சுகமாக இருந்தது.

ஒரு காலை துவரை போட்டுச் சோறு ஆக்கி, அண்ணனுக்கு ஒரு பங்கு மூடி வைத்தாள். பிறகு மகளோடு வாக்கி-டாக்கியில் வெகுநேரம் கதையடித்தாள். வெயில் தாழ்ந்ததும் தட்டை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினாள்.

எலியூத்தின் வாசலில் காந்தோ உட்கார்ந்திருந்தார், கால் முழுக்கச் சேறு. பக்கத்தில் போர்வை மூடிய உடல்.

"கூரையில தார்ப்பாய் கட்டப் போய் விழுந்துட்டான்," என்றார். "பாலம் இல்லாம நான் பள்ளத்தைச் சுத்தி வர்றதுக்குள்ள ரத்தமெல்லாம் போயிருச்சு. பக்கத்துல இருக்கறவ நீ. இப்ப எதுக்கு வந்த?"

"எனக்குத் தெரியாதே!"

"ஏழுல எத்தனை தடவ கூப்பிட்டான்! 'வேவா, திட்டணும்னா அப்புறமா திட்டு, இப்ப வா'ன்னு. நீ பாட்டுக்கு மககிட்ட தலைச்சாயத்தப் பத்திப் பேசிட்டு இருந்த. மலை முழுக்கக் கேட்டுச்சு."

"எனக்கு எதுவும் கேக்கல காந்தோ!"

அவர் அவள் இடுப்பிலிருந்த கருவியை வாங்கிப் பார்த்தார். அந்தச் சின்னப் பன்னிரண்டைக் கண்டதும் குரல் இறங்கியது.

"இந்த நம்பர் உன் பேச்ச மறைக்காது வேவா. நம்பர் போடாத எங்க பேச்சுக்கு உன் காதத்தான் அடைக்கும்."

வேவா தட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "நான் வேணும்னே வரலன்னு நெனச்சாரா?"

காந்தோ கருவியைத் திருப்பி நீட்டினார். "கடைசியில வழியில வரும்போதே, சேனல்ல அவன்கிட்ட நான் உன்னைத் திட்டினேன். 'விடுடா, அவ கோவம் ஒரு வாரம் நிக்கும்'னான். சிரிச்சான் கூட."

இப்போது அவள் கருவியில் எந்த எண்ணும் இல்லை. சேவல் புராணத்தை ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறாள். யார் கூப்பிட்டாலும் முதல் பதில் அவளுடையது. பாடுவது மட்டும் இல்லை. கோபம் எப்போதோ போய்விட்டது, அன்று அண்ணனுக்குச் சோறு மூடி வைத்திருந்தேன் என்று ஏழாம் சேனலில் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். தெரிய வேண்டியவருக்குத்தான் தெரியாமலே போயிற்று.