கதவை உதைப்பவர்

மாமல்லபுரத்துக்குச் சற்று முன்னால், கடலை ஒட்டியிருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தில் அவர் பாதுகாப்பு அதிகாரி. பருத்த கழுத்து, இரும்புமுனை வைத்த பூட்ஸ். அவசரவழிக் கதவு எதையும் அவர் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. உதைத்துத்தான் சோதிப்பார். திறந்தால் பேசாமல் போய்விடுவார். திறக்காவிட்டால் பக்கத்தில் நிற்பவனின் அப்பன் ஆத்தாள்வரை இழுத்துத் திட்டுவார்.

அன்று எங்கள் வேதியியல் ஆய்வகத்தின் பின்கதவு திறக்கவில்லை. செய்முறை வகுப்பில் பிள்ளைகள் அந்த வழியாகக் கடற்கரைக்கு நழுவுகிறார்கள் என்று துறைத்தலைவர் வெளியே பூட்டுப் போட்டிருந்தார். அதிகாரி உதைத்த உதையில் அலமாரிக் குடுவைகள் விழுந்து நொறுங்கின.

"இன்னாய்யா பண்ற? காலேஜ் சொத்துய்யா இது!" என்று ஓடிவந்தார் துறைத்தலைவர்.

அதிகாரி அவர் பிடரியைப் பிடித்து முகத்தைக் கதவோடு வைத்து நசுக்கினார். "உள்ள நெருப்பு புடிச்சிகினு கீது. போ சார், வெளிய போ!"

உதடு கிழிந்து கதவில் ரத்தம் வழிந்தது. "வுடுய்யா, மூச்சு முட்டுது!" என்று துறைத்தலைவர் கதவை அறைந்தார்.

"மொத்த கிளாஸும் உன் முதுகு மேல ஏறிகினு கீது. போ!"

நெருப்பு எங்கும் இல்லை. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் அதிகாரியைப் பிய்த்தெடுத்தோம்.

மறுநாளே அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அவர் வெறும் முரடர்தானா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. உதட்டில் தையலோடு திரும்பிவந்த துறைத்தலைவர் அவரை வாய் ஓயாமல் திட்டுகிறார். ஆனால் எந்த ஆய்வகத்துக்குள் நுழைந்தாலும், முதலில் நேராகப் போய்ப் பின்கதவை ஓர் உதை விடுகிறார்.