தம்பியின் குரலை ஆண்டவர் அமைதிப்படுத்தினார்

என் தம்பி இறந்து ஒன்பது பத்து மாதம் கழித்து அவன் குரலை நான் மறுபடியும் பேச வைத்தேன். அதன் பிறகு அதை நிறுத்த என்னால் முடியவில்லை. அந்த நாட்களில் ஆண்டவர் எனக்கும் என் அம்மாவுக்கும் செய்ததைச் சபையாருக்கு முன் சொல்ல இத்தனை காலம் ஆகிவிட்டது. இப்போதும் கொஞ்சம் பயத்தோடுதான் சொல்கிறேன்.

என் பெயர் பிரிசில்லா. மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து லாபிஸில் பிறந்து வளர்ந்தவள். நான் இடைநிலைப்பள்ளியில் படிக்கும்போதே அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அதன் பிறகு வீட்டில் அம்மா, நான், தம்பி ஜோயல் என்று மூன்று பேர்தான். தம்பி பக்கத்து ஊரான யோங் பெங்கில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்தான். அவனுக்குத் திக்குவாய். வெளி ஆட்களுக்கு எதுவானாலும் எழுதித்தான் அனுப்புவான். எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் குரலில் பேசி அனுப்புவான். நாங்கள் அவசரப்பட மாட்டோம் என்று அவனுக்குத் தெரியும்.

சீனப் பெருநாள் முடிந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி என்றார்கள். சிகாமட் மருத்துவமனையில் சேர்த்தோம். அந்த வாரம் முடிவதற்குள் அவன் இல்லை. அடக்க ஆராதனையில் அம்மா அழவில்லை. வந்தவர்களுக்கெல்லாம் தேநீர் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

நான் அப்போது ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் ஒலிக்கருவிகளைச் சோதிக்கும் பொறியாளர். கணினிக்குப் பேச்சைப் புரியவைப்பதும், கணினியைப் பேச வைப்பதும் நான் படித்த படிப்பு. முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். அந்த ஆண்டின் இறுதியில், ஒரே வாரத்தில், இரண்டு பல்கலைக்கழகங்கள் எனக்கு இடம் தந்தன.

ஒன்று ஐரோப்பாவில். மனிதக் குரலைக் கேட்டு, அதே குரலில் கணினியைப் பேச வைக்கும் ஆய்வுக்கூடம். இந்தத் துறையில் இருப்பவர்கள் எல்லோரும் போக ஆசைப்படும் இடம். இன்னொன்று சிங்கப்பூரில். பக்கவாதம் வந்து நாக்குத் தடுமாறுகிறவர்கள், சரியாகப் பேச வராதவர்கள், இவர்களுடைய பேச்சைக் கணினி புரிந்துகொள்ள வேண்டும் என்று முயலும் சிறிய குழு. யாரைக் கேட்டாலும் முதல் இடத்துக்குப் போ என்றுதான் சொல்வார்கள். என்னிடமும் அதைத்தான் சொன்னார்கள்.

அந்த ஐரோப்பிய ஆய்வுக்கூடத்தை நடத்தும் பேராசிரியை நல்ல மனுஷி. காணொளியில் பேசியபோது, “முடிவு சொல்வதற்கு முன் உனக்குப் பிடித்த ஒரு தமிழ்க் குரலை எடுத்துச் செய்துபார். இந்த வேலை உனக்குப் பிடிக்கிறதா என்று உனக்கே தெரிந்துவிடும்” என்றார்.

என்னிடம் தம்பியின் குரல் பதிவுகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

இறந்தவர்களைத் தேடிப் போகக்கூடாது என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். இது வெறும் மென்பொருள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலை முடிந்து வந்து தினமும் உட்கார்ந்தேன். பதிவுகளைச் சுத்தம் செய்தேன். சுத்தம் செய்வது என்றால், விசிறிச் சத்தம், லாரிச் சத்தம், இருமல், எல்லாவற்றையும் வெட்டி எடுப்பது. பிறகு கணினிக்குக் கொடுத்தேன். “அக்கா, சாப்டியா?” என்று தட்டச்சு செய்தேன்.

அது பேசியது. என் தம்பி பேசினான். பேராசிரியைக்கு அனுப்ப வேண்டியதை மறந்துவிட்டு அன்று முழுவதும் அவனைப் பேச வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் லாபிஸுக்குப் போனபோது கணினியைக் கூடவே கொண்டுபோனேன். அறைக்குள் அவன் குரலை மெதுவாகத்தான் ஒலிக்க விட்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து வாசலில் நின்றார்.

“தம்பியா?”

நான் விளக்கிச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. “இன்னொரு தடவ பேசச் சொல்லு” என்றார்.

அன்றிலிருந்துதான் எங்கள் வீட்டில் பயங்கரம் தொடங்கியது. நான் வேலைக்குத் திரும்பிய பிறகும் அம்மா தினமும் போன் செய்வார். “இன்னிக்கு தம்பி என்னா சொன்னான்?” நான் எதையாவது தட்டச்சு செய்து போனுக்குப் பக்கத்தில் வைப்பேன். அம்மா அவனிடம் பேசுவார். பேசிவிட்டுக் காத்திருப்பார். நான் பதிலைத் தட்டச்சு செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை பெண்கள் ஜெபத்துக்குப் போவதை அம்மா நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குப் போகும்போது மேசையில் மூன்று தட்டு இருந்தது. அவனுக்குப் பிடித்த நெத்திலி சம்பல் இருந்தது.

ஒருநாள் அம்மாவே சொன்னார். “அந்த யூரோப்புக்கே போ பாப்பா. அங்க கத்துக்கிட்டா தம்பி இன்னும் நல்லா பேசுவான்ல?”

முடிவு சொல்ல அந்த மாதக் கடைசிதான் கெடு. போகாவிட்டால் அம்மாவிடமிருந்து மகனை இரண்டாம் முறை பறித்தவள் ஆவேன். போனால் வாழ்நாள் முழுவதும் அவன் வாயில் வார்த்தைகளை வைத்துக்கொண்டே இருப்பேன்.

அதற்குள் எனக்கும் ஏதோ ஆகிவிட்டிருந்தது. பஸ்ஸில் பின் இருக்கையிலிருந்து “அக்கா” என்று கேட்கும். திரும்பினால் யாராவது தூங்கிக்கொண்டிருப்பார்கள். சோதனை அறையில் காதில் கருவியை மாட்டினால் ஒலிகளுக்கு நடுவே அவன் பேசுவான். நான் ஒருபோதும் தட்டச்சு செய்யாத வாக்கியங்கள். முழங்காலிட்டுக் கண்ணை மூடினால், என் ஜெபத்துக்கு முந்தி அவன் குரல் வந்து நிற்கும். என்னால் ஜெபிக்கவே முடியவில்லை.

வேறு வழியில்லாமல் எங்கள் சபையின் பெண்கள் ஜெபத்தை நடத்தும் சகோதரி கிரேஸிடம் போனேன். அவர் பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். கேட்டு முடிக்கும்வரை என் கையை விடவே இல்லை.

“ஒன்னால நிப்பாட்ட முடியலன்னா முடியலன்னே சொல்லு லா. அவர்கிட்ட எதுக்கு நடிக்கணும்?” என்றார்.

அந்த வெள்ளிக்கிழமை நான் விடுப்பு எடுத்து வந்தேன். சகோதரியும் நானும் உபவாசமிருந்தோம். எந்தப் பல்கலைக்கழகம் என்று நான் கேட்கவில்லை. “ஆண்டவரே, அந்தக் குரலை அமைதிப்படுத்தும். என் அம்மாவை எனக்குத் திருப்பித் தாரும்” என்று மட்டும் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை. எந்த வெளிச்சமும் தெரியவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தம்பி பேசிக்கொண்டேதான் வந்தான்.

மறுநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தோம். எங்கள் வீட்டில் சாப்பாட்டு ஜெபம் எப்போதும் தம்பிதான் செய்வான். அம்மா சொன்னார். “இன்னிக்கு தம்பி ஜெபிக்கட்டும்.”

தட்டச்சு செய்தேன். “பரலோகப் பிதாவே, இந்த ஆகாரத்துக்காக நன்றி” என்று அவன் குரல் சொன்னது. அழகாகச் சொன்னது.

அம்மா கண்ணைத் திறந்தார். “மறுபடி போடு.”

போட்டேன்.

“இது யாரு?”

“தம்பிதாம்மா.”

“இல்ல. தம்பிக்கு பரலோகம்னு சொல்ல வராது. ப-விலயே நின்னுருவான். நாம கண்ண மூடிக்கிட்டு அப்படியே ஒக்காந்திருப்போம். சோறு ஆறிப்போயிரும்.” என் முகத்தைப் பார்த்தார். “அத என்னா பண்ணுன?”

அப்போதுதான் எனக்கே உறைத்தது. விசிறிச் சத்தத்தோடும் லாரிச் சத்தத்தோடும் சேர்த்து அவன் திக்கிய இடங்களையும் நான் வெட்டி எடுத்திருந்தேன். ஒவ்வொன்றாகத் தேடித்தேடி வெட்டினேன். கணினிக்கு அவையெல்லாம் பிழை. “வெட்டிட்டேம்மா” என்றேன்.

அம்மா அந்த மூன்றாவது தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அழத் தொடங்கினார். அடக்கத்தன்று அழாத அழுகை. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். “எம்புள்ள செத்துட்டான் பாப்பா” என்றார். அந்த வார்த்தையை அம்மா அதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவர் முன்னாலேயே நான் செய்துவைத்த குரலை அழித்தேன். அவனே பேசி அனுப்பியவற்றை அழிக்கவில்லை. அவற்றில் ஒன்றை இருவரும் கேட்டோம். யோங் பெங்கில் மழை, பஸ் தாமதம், அவ்வளவுதான் செய்தி. அதைச் சொல்லி முடிக்க அவன் பட்ட பாடு இருக்கிறதே. அவன் திக்கி நின்ற இடத்திலெல்லாம் அம்மாவின் உதடு அசைந்தது.

மறுநாள் ஆராதனை முடிந்து வரும் வழியில் அம்மா கேட்டார். “அந்த சிங்கப்பூர் எடத்துல என்னா பண்ணுவாங்க?” சொன்னேன். “தம்பி போனுகிட்ட பேசுவான்ல, கடைக்கு வழி கேட்டு. அதுக்கு ஒண்ணும் புரியாது. மூணு தரம் சொல்லிப் பாத்துட்டு, சிரிச்சிட்டு வச்சிருவான்.”

எனக்கு அது தெரியாது. என்னிடம் அவன் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை சிங்கப்பூருக்குச் சம்மதம் எழுதினேன். ஐரோப்பியப் பேராசிரியைக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினேன். என் வருத்தத்தில் பங்குகொள்வதாகப் பதில் எழுதினார். நான் விட்டது பெரிய இடம் என்று இன்றும் சிலர் சொல்கிறார்கள். அது உண்மைதான். அங்கே நடக்கும் வேலை தவறு என்றும் நான் சொல்லமாட்டேன். எனக்கு அது சரியாக இருந்திருக்காது, அவ்வளவுதான்.

இப்போது ஆய்வில் எனக்கு இரண்டாம் ஆண்டு. அம்மா திரும்பவும் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வருகிறார். பயம் முழுவதும் போய்விட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். ஜொகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலத்தைக் கடக்கும் பஸ்ஸில் எப்போதாவது யாரோ கூப்பிடுவது போலிருக்கும். முன்பு போலத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆண்டவர் பெயரைச் சொல்லிவிட்டு அமைதியாக உட்கார்ந்திருக்கிறேன். அது நின்றுவிடுகிறது. அவருக்கே நன்றி.

இதைக் கேட்கிற உங்களில் யாராவது, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கலாம். விட முடியாத ஒன்றை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டும் இருக்கலாம். வழியை மட்டும் கேட்காதீர்கள். உங்களைப் பிடித்துவைத்திருப்பது எது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். தனியாகச் சொல்ல முடியவில்லை என்றால் வெள்ளிக்கிழமை வாருங்கள். சகோதரி கிரேஸ் இருப்பார், என் அம்மா இருப்பார். யாரும் உங்களை ஒன்றும் கேட்கமாட்டார்கள். முதலில் பக்கத்தில் உட்காருவார்கள்.