பவளம் கூப்பிட்ட பிரட்டு

சிட்னிக்கு வந்த பிறகு பவளத்தின் குரல் நாலு வருஷம் பசைச்சட்டிக்குள் கிடந்தது. இலங்கையில், ஹட்டனில் பதினாறு வருஷம் புவியியல் படிப்பித்த மனுஷி அவள். கடைசி வாங்கில் நித்திரை கொள்ளும் பிள்ளையும் துள்ளி எழும்பும், அப்படி ஒரு தொண்டை. எழுபத்திரண்டில் கணவர் யோகேஸ்வரனுக்கு இங்கே ரயில்வேயில் வேலை கிடைத்துப் பென்டில் ஹில் என்ற புறநகரில் குடியேறியபோது, அந்தத் தொண்டையையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள்.

நகரசபை நூலகத்தில் அவளுக்கும் வேலை கிடைத்தது. ஆனால் ஆட்கள் வந்துபோகும் முன்மேசையில் இல்லை. "உங்கள் உச்சரிப்பு எங்கள் சனங்களுக்குப் பிடிபடாது, குறை நினைக்காதீர்கள்" என்று தலைமை நூலகர் மிஸஸ் டாய்ல் சிரித்த முகத்தோடு சொல்லிப் பின்னறைக்கு அனுப்பிவிட்டார். புதுப் புத்தகங்களின் அட்டைக்கு உள்பக்கம் சின்னக் கடதாசிப் பை ஒட்டுவதுதான் அங்கே வேலை. ஒட்டினாள். குறை நினைக்காதே என்று சொன்னால் நினைக்காமல் இருக்க மனம் என்ன சொல்வழி கேட்கிற பிள்ளையா? ஒவ்வொரு பையிலும் கொஞ்சம் கோபத்தையும் சேர்த்தே ஒட்டினாள்.

எழுபத்தாறாம் ஆண்டு ஜூன் மாதம் அதிர்ஷ்டம் வேறு வழியாக வந்தது. அமெரிக்கா பிறந்து இருநூறு வருஷமாம். நூலகத்தில் ஒரு மாதக் கண்காட்சி. அந்த நாட்டின் முதல் ஜனாதிபதி வாஷிங்டன் வாழ்ந்த தோட்டத்து மாளிகையின் மாதிரி ஒன்று, கட்டில் அளவு, மரப்பெட்டியில் வந்து இறங்கியது. கூடவே அவருடைய இளமைக்காலத்தைப் பற்றிய படப்பலகைகளும் வந்தன. முன்மேசைப் பெண் அந்த நேரம் பார்த்துப் பிரசவ லீவில் போய்விட்டாள். மிஸஸ் டாய்ல் பின்னறை வாசலில் வந்து நின்றார்.

"நீங்கள் ஆசிரியையாக இருந்தவர்தானே? பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவார்கள். இந்த அட்டையில் எழுதியிருப்பதை அப்படியே வாசித்தால் போதும். ஒரு சொல் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நன்றாகச் செய்தால் முன்மேசை உங்களுக்குத்தான்."

அன்று இரவுச் சாப்பாட்டில் பவளம் உப்புப் போட மறந்துவிட்டாள். யோகேஸ்வரன் அப்படியே பிசைந்து சாப்பிட்டார். மனுஷி நாலு வருஷத்துக்குப் பிறகு குசினிக்குள் பாட்டு முணுமுணுக்கிறாள், அந்த நேரம் உப்பைப் பற்றிக் கேட்பதற்கு அவர் என்ன விசரரா?

மாளிகையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தது பவளமும் காவலாளியும்தான். வெள்ளைச் சுவர், சிவப்புக் கூரை, உச்சியில் சின்னக் கோபுரம். ஒரு பக்கம் உயரமான எட்டுத் தூண் நிற்கும் விறாந்தை. அதற்குக் கீழே ஆறு என்று ஒரு கண்ணாடித் துண்டு. மற்றப் பக்கம் குசினி, சலவைக் கொட்டில், இறைச்சி புகைபோடும் அறை, குதிரை லாயம். "எந்தப் பக்கம் வாசலுக்கு?" என்று காவலாளி கேட்டான். பவளம் யோசிக்கவேயில்லை. "இப்பிடியே இருக்கட்டும்" என்று கை காட்டினாள்.

அடுத்த நாள் காலை மிஸஸ் டாய்ல் உள்ளே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். உலகம் முழுக்கத் தபால்தலையிலும் பிஸ்கட் தகரத்திலும் பார்த்த அந்தத் தூண் விறாந்தை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. வருகிறவர்களை வரவேற்றது குசினியும் சலவைக் கொட்டிலும்.

"மிஸஸ் யோகேஸ், வீட்டின் முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்திருக்கிறீர்களே!"

பவளம் அப்போதுதான் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டு, காவலாளியைக் கூப்பிட்டு, மாளிகையைத் திருப்பினாள். ஆனால் அன்று முழுக்க அவள் மனம் திரும்பவில்லை. ஏனென்றால் அது கைத்தவறு இல்லை. துரை பங்களா என்றால் அவளுக்குத் தெரிந்த முகம் அதுதான்.

பவளத்தின் அப்பா அரியரத்தினம் யாழ்ப்பாணத்தவர். ஹட்டனுக்கு மேலே ஆனைக்கல் தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுக்கும் உத்தியோகம். தொழிலாளர்கள் அவரை டாக்டரையா என்பார்கள். பவளம் பிறந்ததும் வளர்ந்ததும் அந்தத் தோட்டத்தில். மலை உச்சியில் துரை பங்களா, அடிவாரத்தில் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள், இரண்டுக்கும் நடுவில் டாக்டரையா வீடு. பங்களாவின் முன்பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும். அப்பா மாதத்தில் ஒருநாள் துரைக்கு மருந்துக் கணக்குச் சொல்லப் போவார். குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குசினி வாசலால் போவார். பவளமும் கூடப் போவாள். சமையல்காரன் ஒரு துண்டு கேக் தருவான். அந்தக் கேக்கின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. பதினெட்டு வயதுவரை அந்த வீட்டுக்கு ஒரு முன்பக்கம் இருக்கிறது என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

என்ன இருந்தாலும் அந்த மலை மலைதான். விடியற்காலையில் பனி கதவுக்குக் கீழால் வீட்டுக்குள் வரும். தொழிற்சாலையில் கொழுந்து வாடும் பச்சை மணம் போர்வைக்குள்ளும் வந்து படுக்கும். முதலில் ஆட்களை எழுப்பத் தப்பு மேளம் அடிப்பார்கள். பிறகு லயத்துப் புகைக்கூடுகள் ஒவ்வொன்றாகப் புகையும். ஆறு மணிக்குப் பிரட்டு. பிரட்டுக்களத்தில் எல்லாரும் வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். கூப்பிட்ட பேருக்குப் பதில் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆளுக்கு வேலை இல்லை. பவளம் படுக்கையில் கிடந்தே அத்தனை பேரையும் பாடமாக்கியிருந்தாள். வாய்ப்பாடு பாடமாகாத பிள்ளைக்கு அது மட்டும் வரிசை பிசகாமல் வரும். மாரியாயி, வந்துட்டேங்க. செல்லமுத்து, வந்துட்டேங்க. கருப்பாயி, வந்துட்டேங்க. பென்டில் ஹில் ஸ்டேஷனில் குளிரில் ரயிலுக்கு நிற்கும்போது இப்போதும் அந்த வரிசை தானாக ஓடும். அந்தக் குரல்களுக்காக அவள் எத்தனை தரம் ஏங்கியிருக்கிறாள்!

அவளுடைய சிநேகிதி இருளாயி. லயத்துப் பிள்ளை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கு, ஒரே சிலேட்டு. பவளத்தைவிடக் கெட்டிக்காரி, படம் பாராமல் இலங்கையின் ஆறுகளை வரைவாள். இருவருக்கும் பன்னிரண்டு வயதானபோது பவளத்தை ஹட்டன் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவானது. "நானும் வர்றேன் பவளம், அப்பாகிட்ட கேட்டிருக்கேன்" என்று இருளாயி சொல்லியிருந்தாள்.

ஹட்டனுக்குப் புறப்படுகிற நாள் விடிய, பவளம் போர்வைக்குள் கிடந்து பிரட்டைக் கேட்டாள். கருப்பாயிக்குப் பிறகு ராக்கம்மாவின் பேர் வரவேண்டும். வரவில்லை. கணக்கப்பிள்ளை புதிதாக ஒரு பேர் கூப்பிட்டார்.

"இருளாயி!"

பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். பதில் சொல்லாதே, சொல்லாதே என்று பவளம் போர்வையைக் கடித்துக்கொண்டாள். மூன்றாம் தரம் மெல்லிய குரல் ஒன்று ஏறிவந்தது. "வந்துட்டேங்க."

பவளம் பஸ் ஏறினாள். இருளாயி கொழுந்துக் கூடையோடு மலை ஏறினாள். அவ்வளவுதான் கதை. எழுபத்தொன்றில் தோட்டத்துச் சனங்களை இந்தியாவுக்கு அனுப்பிய ரயிலில் அவளும் குடும்பத்தோடு போய்விட்டாள் என்று கேள்வி. எழுத்து மறந்துபோனவளுக்கு எந்த ஊருக்கு, எந்த விலாசத்துக்குக் கடிதம் போடுவது?

கண்காட்சி தொடங்கியது. அட்டையில் இருந்தது அழகான கதை. ஆற்றங்கரைப் பண்ணையில் ஒரு பையன். பதினொரு வயதில் தகப்பனை இழக்கிறான். பதினாறில் நில அளவைக்காரனாகிறான். அண்ணனின் தோட்டம் பிறகு அவன் கைக்கு வருகிறது. மரப்பலகை வீட்டுக்கு மணல் கலந்த வர்ணம் பூசிக் கல்வீடு போல ஆக்குகிறான். விடிய முன்னமே எழும்பிக் குதிரையில் வயல்களைச் சுற்றிவருகிறான். கடைசியில் ஒரு நாட்டுக்கே தகப்பனாகிறான். பவளம் சொல் பிசகாமல் வாசித்தாள். பிள்ளைகளுக்கு அவளுடைய உச்சரிப்பு நன்றாகவே பிடிபட்டது. மிஸஸ் டாய்ல் தூரத்தில் நின்று தலையாட்டினார். முன்மேசைக் கதிரை கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது.

ஆனால் படப்பலகைகளில் கடைசிப் பலகை ஒன்று இருந்தது. தூணுக்குப் பின்னால், வெளிச்சம் குறைந்த மூலையில். வாஷிங்டன் தன் கையாலேயே எழுதிய ஒரு பட்டியலின் படம். தோட்டத்தில் அவருக்குச் சொந்தமாயிருந்த மனிதர்களின் பெயரும் வேலையும், பந்தி பந்தியாக. அட்டையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பதினொரு வயதுப் பையன் தகப்பனிடமிருந்து பண்ணையோடு சேர்த்துப் பத்து மனிதர்களையும் முதுசமாகப் பெற்றான் என்றும் இல்லை. அதைப் பவளம் நூலகத்துப் புத்தகமொன்றில், தானே பை ஒட்டிய புத்தகத்தில், தேடிப் படித்தாள்.

இரண்டு கிழமை அந்த மூலைப்பக்கம் பார்க்காமல் இருந்து பார்த்தாள். முன்மேசை வேண்டும். பசை மணம் போதும். ஆனாலும் விடிய முன்னம் குதிரையில் சுற்றிவந்தார் என்ற வரியை வாசிக்கும்போதெல்லாம், அவருக்கு முன்னம் எழும்பினது ஆர், குதிரைக்குச் சேணம் போட்டது ஆர் என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டது. வாத்தியார் புத்தி, சும்மா இருக்குமா?

மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள், முப்பது பேர், எல்லாருக்கும் பன்னிரண்டு வயது. பவளம் அட்டையைப் பாதிவரை வாசித்தாள். மிஸஸ் டாய்ல் வாசலருகில் நின்றார். பவளம் அவரை ஒருதரம் பார்த்தாள். பிறகு அட்டையை மடக்கிக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பிள்ளைகளே, இந்த வீட்டுக்கு இன்னொரு பக்கம் இருக்கு. வாங்கோ" என்று தன் இங்கிலீஷில் சொல்லி, மேசையைச் சுற்றிக் குசினிப் பக்கம் கூட்டிப்போனாள். அங்கிருந்து தூண் மூலைக்கு. "இந்தத் தோட்டத்தில் விடிய முன்னம் எழும்பினவர்கள் இவர்கள். சம்பளம் இல்லை. விட்டுப்போகவும் முடியாது. நான் பிறந்த தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடுவார்கள். இவர்களையும் ஒருதரம் கூப்பிடுவோம்."

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தொண்டை முழுதாகத் திறந்தது.

"ஐசக், தச்சன். நாட், கொல்லன். லூசி, சமையல். கரோலைன்..."

"பிரசன்ட், மிஸ்!" என்று ஒரு சின்னக் கை உயர்ந்தது. கரோலைன் என்று பெயருள்ள பிள்ளை; பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டது. மற்றப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பவளம் சிரிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் பார்த்து மெல்லத் தலையசைத்து, அடுத்த பேரைக் கூப்பிட்டாள்.

"கிட்டி, பால் கறப்பவள்."

சிரிப்பு அடங்கியது. பின்வரிசையில் ஒரு பையன் தயங்கித் தயங்கி, "பிரசன்ட், மிஸ்" என்றான்.

"வில், செருப்புத் தைப்பவன்."

"பிரசன்ட், மிஸ்."

அதன் பிறகு ஒரு பேரும் பதில் இல்லாமல் போகவில்லை. பந்தி முடிந்தது. பவளத்தின் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க அவள் பாடுபடவும் இல்லை. கடைசியாக, பட்டியலில் இல்லாத ஒரு பேரைக் கூப்பிட்டாள்.

"இருளாயி."

இது எந்த ஊர்ப் பெயர் என்று பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு முன்வரிசையில் நின்ற, பல்லுக்குக் கம்பி கட்டிய பிள்ளை ஒன்று, யாரும் சொல்லாமல் கை உயர்த்தியது. "பிரசன்ட், மிஸ்."

வகுப்பு போன பிறகு மிஸஸ் டாய்ல் வந்தார். இந்தமுறை சிரிக்கவில்லை. "ஒரு சொல் கூட்ட வேண்டாம் என்றேன், மிஸஸ் யோகேஸ். திங்கட்கிழமை பின்னறைக்குப் போங்கள்."

"ஓம், போறன்" என்று பவளம் தமிழிலேயே சொன்னாள். உச்சரிப்பில் ஒரு குறையும் இருக்கவில்லை.

பின்னேரம் ஸ்டேஷன் வாசலில் யோகேஸ்வரன் காரோடு நின்றார். மனைவி ஏறிக் கதவைச் சாத்தினதும் முகத்தைப் பார்த்தார். அழுத முகம் போலவும் இருந்தது, சிரித்த முகம் போலவும் இருந்தது.

"என்னப்பா, முன்மேசை கிடைச்சுதோ?"

"அது போயிட்டுது" என்றாள் பவளம். கார் அடுத்த சந்தி திரும்பியது. பிறகு சொன்னாள்:

"இண்டைக்குப் பிரட்டுக் கூப்பிட்டனான். இந்தமுறை இருளாயி பள்ளிக்கூடத்திலை நிண்டவள்."