முட்டைக்குள் துடித்த சிவப்புப் புள்ளி

இரண்டு வருஷத்துக்கு முந்தைய கோடையில் நடந்தது. கோலார் தங்கவயலில் கோரமண்டல் பக்கம், மைன்காரர்களுக்காகக் கட்டிய பழைய லைன் வீடு எங்களுடையது. வீட்டுக்காரர் விடிவதற்குள் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுவார். பகலெல்லாம் எனக்குத் துணை என் நாட்டுக்கோழிகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர், ஒரு குணம். என் வாய்க்குப் பயந்து லைனில் யாரும் அவற்றின் மேல் ஒரு கல்லைக்கூட எறிய மாட்டார்கள்.

அந்தக் கோடையில் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. முதலில் ஒரு பெட்டை கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றது. பிறகு ஒவ்வொன்றாக இரை எடுக்காமல் சாய்ந்தன. லைன் முழுக்க எல்லா வீட்டிலும் இதே கதை. செத்ததைச் சாக்கில் கட்டி சயனைட் மலையில் வீசிவிட்டு வருவோம். தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு அந்தக் காலத்தில் கொட்டிய மண், எங்கள் ஊரில் மலை மாதிரி கிடக்கிறது. அதில் சயனைட் இருப்பதால் எந்த நோயும் அங்கே பிழைக்காது என்று எங்களுக்கெல்லாம் அசைக்க முடியாத நம்பிக்கை. யார் சொன்னது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கடைசியில் ஒரே ஒரு கருப்புக் கோழிதான் மிஞ்சியது. அது அடை உட்கார்ந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. கிட்டே போனாலே கொத்தும் கோபக்காரி. அதனால் அதை மட்டும் உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் கூடை போட்டு வைத்திருந்தேன். தீனி, தண்ணீர் எல்லாம் அங்கேயேதான்.

"இதுக்கும் நோவு வர்றதுக்குள்ள அறுத்துடு, கொழம்புக்காச்சும் ஆவும்" என்றார் பக்கத்து வீட்டு அக்கா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் கத்தியைத் தீட்ட உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசே இல்லை. ஆனால் வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. நாளைக்கே அதுவும் சாய்ந்துவிட்டால் என்ன செய்வது?

அந்த நேரத்தில்தான், லீவுக்கு ஊருக்கு வந்திருந்த எதிர்வீட்டுப் பெண் உள்ளே வந்தாள். பெங்களூரில் அறை எடுத்துத் தங்கி, கோழிகளுக்கு வரும் வைரஸ் நோய்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். அவளோடு தங்கியிருக்கும் தோழி, எறால் ஓட்டையும் மீன் கழிவையும் காயவைத்து அரைத்து, வளர்ப்பு மீனுக்குத் தீனி செய்து பார்க்கிறாளாம். "ஒருத்திக்குக் கோழிக் கழிச்சல், இன்னொருத்திக்கு மீன் குப்பை, நல்ல ஜோடிதான்" என்று அவளை எப்போது பார்த்தாலும் கிண்டல் பண்ணுவேன்.

"ஆன்ட்டி, செத்த கோழிய எல்லாம் இன்னா பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"சயனைட் மலைல போட்டாச்சும்மா. அங்க எதுவும் பொழைக்காது" என்றேன் பெருமையாக.

அவள் தெருக்கோடியைக் காட்டினாள். ஒரு நாய் எதையோ கவ்வி இழுத்துக்கொண்டு வந்தது. உற்றுப் பார்த்தேன். செம்பட்டை இறக்கை. என் சேவலுடையதேதான்.

"நீங்க தூக்கிப் போட போட அது திரும்பி வந்துகினே கீது ஆன்ட்டி. நாய் வாயில, நம்ம செருப்புல, எல்லாத்துலயும்" என்றாள்.

கத்தியைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "கொஞ்சம் இருங்க அங்கிள், மொதல்ல முட்டையப் பாக்கலாம்" என்று சொல்லி, செருப்பை வெளியே விட்டு, கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தாள். எங்களையும் கழுவ வைத்தாள். அறைக் கதவையும் ஜன்னலையும் சாத்தச் சொன்னாள். பட்டப்பகலில் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கின மாதிரி இருட்டு. கோழியிடம் இரண்டு கொத்து வாங்கிக்கொண்டு ஒரு முட்டையை எடுத்து, செல்போன் விளக்கின் மேல் வைத்துச் சுற்றிலும் கையால் மூடினாள்.

முட்டை முழுக்கச் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தது. உள்ளே மெல்லிய ரத்த நரம்புகள் நாலாபக்கமும் கிளை பிரிந்து ஓடின. நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அது துடித்தது. நின்று நின்று இல்லை, விடாமல் துடித்தது. எத்தனை முட்டையை இந்தக் கையால் உடைத்திருப்பேன், உள்ளே இப்படி ஒன்று நடக்கும் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "ஏய், உயிரு கீதுடி" என்றார்.

"இந்த மாதிரி முட்டைக்குள்ளதான் ஆன்ட்டி, வீரியம் கொறஞ்ச கிருமிய வளக்கறாங்க. அதுலேர்ந்துதான் தடுப்பு மருந்தே வருது" என்றாள் அவள். என் கோழிகளைக் கொன்ற கிருமியின் உறவுக்காரனை வைத்தே கோழிகளைக் காப்பாற்றுகிறார்களாம். லைனில் இருப்பவர்கள் கேட்டால் நம்ப மாட்டார்கள்.

கோழி தெம்பாக இருக்கிறது, தனியே வைத்ததால்தான் தப்பித்தது, இனியும் வெளியே விடாதீர்கள் என்றாள். வீட்டுக்காரர் கத்தியைக் கொண்டுபோய்ப் பரண்மேல் போட்டுவிட்டார்.

ரெண்டு முட்டை கூமுட்டையாகப் போனது. மற்றதெல்லாம் பொரிந்தது. குஞ்சுகளுக்கு ஒரு வாரம் ஆனபோது, நெரிசலான ரயிலில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு அவள் மருந்து கொண்டுவந்தாள். ஒவ்வொரு குஞ்சின் கண்ணிலும் ஒரு சொட்டு. அவை கண்ணை மூடி மூடித் திறந்ததைப் பார்த்து, என்னமோ என் பேரப்பிள்ளைகள் மாதிரி அழுதேன். "கேரண்டி எல்லாம் கெடையாது ஆன்ட்டி, திரும்பத் திரும்பப் போடணும்" என்று அதட்டினாள்.

போன கோடையில் கழிச்சல் மறுபடி ஊருக்குள் வந்தது. என் கோழிகள் ஒன்றுகூடச் சாயவில்லை. இப்போது எங்கள் லைனில் செத்ததை ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுத்தான் புதைக்கிறோம். அந்தப் பெண்ணைக் கிண்டல் பண்ணுவதையும் நான் நிறுத்தவில்லை, அது வேறு விஷயம்.

இன்றைக்கும் எதற்காவது "எல்லாம் போச்சு" என்று சொல்ல வாயெடுத்தால் அந்த இருட்டறைதான் நினைவுக்கு வருகிறது. வாசலில் நாங்கள் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தபோதும், உள்ளே அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டுதானே இருந்தது!